ஆடும் கதிரைக்கு ஆணி வேண்டாம்: மரத்தளபாடக் கேள்வி-பதில்

கல்லடியிலிருந்து ஒருவர்: தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்தில் மேசையில் வெள்ளை வளையம். போக்கலாமா?

போக்கலாம். ஈரம் மேற்பூச்சுக்குள்தான் நிற்கிறது. கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் மதுசாரம்) வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்திச் சீலையால் இரண்டு மூன்று தரம் மெல்ல இழுங்கள். அழுத்தினால் பொலிஷே கழன்று வரும். பிசுபிசுக்காவிட்டால் அது வேறு பூச்சு, இந்த வழி சரிவராது.

கல்முனை: பழைய அலுமாரிக்கு எந்த வார்னிஸ் நல்லது?

என்ன மரம், இப்போது என்ன பூச்சு, ஒன்றுமே எழுதவில்லை. ஸ்பிரிட் துளி வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

காத்தான்குடி: முதிரைக் கதிரை ஆடுகிறது. மூட்டுக்கு இரண்டு ஆணி அடித்தால் நிற்குமா?

நிற்கும், ஆறு மாதம். இந்தக் கேள்வி எத்தனை தரம் வந்தாலும் பதில் ஒன்றுதான்: அடிக்காதீர்கள். முதிரை இறுகிய மரம், துளையிடாமல் ஆணி இறக்கினால் வெடிக்கும். கடற்காற்றில் ஆணி துருவேறிப் பருக்கும். பிறகு எந்த ஓடாவியாலும் அந்த மூட்டை ஒழுங்காகக் கழற்ற முடியாது. பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கவேண்டிய கதிரைகள் இப்படித்தான் விறகாகின்றன.

செத்தது பழைய பசை, மரமல்ல. மூட்டுகளுக்குச் சோக்கால் இலக்கமிட்டு, மரக்கட்டையை இடையில் வைத்துத் தட்டிக் கழற்றுங்கள். இறுக்கமான மூட்டைத் தொடவேண்டாம். கழுந்திலும் (துளைக்குள் நுழையும் முனை) துளையிலும் உள்ள பசையை வெந்நீர்ச் சீலையால் ஊறவைத்து, மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பழைய பசைமேல் புதுப்பசை பிடிக்காது. ஒரு நாள் காயவிடுங்கள். கழுந்து தளர்ந்திருந்தால் மெல்லிய மரச்சீவலைப் பைண்டர் கம்மால் (மரம் ஒட்டும் வெள்ளைப் பசை) ஒட்டித் தடிப்பாக்குங்கள். மரத்தூளும் கம்மும் குழைத்து அடைப்பது பாரம் தாங்காது. மூட்டில் அதே கம்மைப் பூசிப் பூட்டியபின் கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, தடி செருகி முறுக்குங்கள். எதிரெதிர் மூலைக் கால்களுக்கிடையே உள்ள இரு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று பாருங்கள். 24 மணி நேரம் யாரும் அதில் இருக்கக்கூடாது.

ஏறாவூர்: மார்கழியில் லாச்சி இறுகிவிட்டது. சீவலாமா?

வேண்டாம். மாரி ஈரத்தில் மரம் பருத்திருக்கிறது. இப்போது சீவினால் கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கடகடவென்று ஆடும். ஓரங்களில் மெழுகுதிரி தேயுங்கள். ஆடியிலும் இறுகினால் சீவுங்கள்.

அக்கரைப்பற்று: பிரம்புக் கதிரை தொய்ந்துவிட்டது.

இழை அறாவிட்டால், கவிழ்த்து அடிப்பக்கத்தில் வெந்நீர்ச் சீலையை அரை மணி நேரம் போட்டு, நிழலில் ஓரிரவு காயவிடுங்கள். இறுகும். அறுந்திருந்தால் பின்னத்தான் வேண்டும்.

வாழைச்சேனை: பொலிஷ் போட்டதும் வெண்மையாகப் படர்ந்துவிட்டது.

மழைநாளில் போட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றின் ஈரம் பூச்சில் சிக்கிக்கொள்கிறது. வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்ட சீலையால் ஒருதரம் இழுங்கள். லீற்றருக்கு 250 கிராம் அரக்கு போதும். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டாம்.

பொத்துவில்: தேக்குக் கட்டிலில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை.

மறுபடியும் ஆணி! இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் கறுக்கும். ஆணியைப் பிடுங்கி, பூச்சைச் சுரண்டிவிட்டு, லீற்றர் வெந்நீரில் 80 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசுங்கள். அது நஞ்சு, கையுறை கட்டாயம். கறை வெளுத்ததும் இரண்டு தரம் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டுத்தான் சாண்ட் பேப்பர் போடவேண்டும். அப்போதும் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.