இரண்டு மந்திரக் காப்புகள் இருந்தால் எது முதலில் செயல்படும்?

நாகமலை அடிவாரத் தோப்பில் வேடமேற்று மந்திரச் சண்டை விளையாடும் உங்கள் குழுவில், மந்திரத்தை வீசியவர் மீதே திருப்பியடிக்கும் கவசத்தையும், அதை விழுங்கிச் செயலற்றதாக்கும் உறிஞ்சும் காப்பையும் ஒருவரே வைத்திருந்தால், மந்திரம் பட்டதும் எது முதலில் செலவாகித் தீரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகப் போட்டதே வெளிப்புறத்தில் இருப்பதாகக் கொண்டு, அதையே முதலில் செலவழிக்கச் சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுவிட்டால், மந்திரமாக வீசப்பட்ட துணிப்பொட்டலம் தோளில் பட்ட நொடியில், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் யோசித்து நிற்க நேரிடும்.

உண்மையான சிக்கல், வீசியவர், அடிபட்டவர் இருவரிடமும் திருப்பியடிக்கும் கவசம் இருக்கும்போதுதான் எழுகிறது. மந்திரம் முடிவின்றிப் போய்வரும். ஒருமுறை திரும்பிய மந்திரத்தை மறுபடி திருப்ப முடியாது, ஆனால் உறிஞ்சும் காப்பு அதைத் தடுக்கும் என்று வரையறுப்பதே நேர்மையான தீர்வு. அடிபட்டவர் ‘திருப்பினேன்’ என்று உரக்கச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் வீசியவருக்கு அது தெரிய வழியே இல்லை.