பொன்டே சிட்டியை வரைகிற பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அம்மா, கட்டடக்கலை படிக்க ஆசைப்படும் உங்கள் மகளின் நோட்டை நீங்கள் முழுதாகப் புரட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கின் அடுக்குமாடிக் கோபுரமான பொன்டே சிட்டியை எல்லாரும் வெளியில் நின்று வரைவார்கள். இவள் உள்ளே, அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறாள். சுற்றிலும் 54 மாடி, நடுவில் வெறும் கிணறு, உச்சியில் தட்டு அளவு வானம். ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: ‘அடுப்படி ஜன்னல் ஏன் உள்பக்கம்?’

அந்தக் காலத்து விதிப்படி அடுப்படிக்கும் குளியலறைக்கும் ஜன்னல் வைத்தாக வேண்டும். அதனால்தான் 1975-இல் முடிந்த அந்தக் கட்டடத்துக்கு நடுவைக் காலியாக விட்டார்கள் என்றேன். பிற்பாடு அந்தக் கிணற்றில் குப்பை பல மாடி உயரத்துக்குக் குவிந்ததையும் சொன்னேன். “அப்போ அதை யார் அள்ளினது?” என்றாள். இப்படிக் கேட்கிற பிள்ளையை அக்கவுண்டிங்கில் கொண்டுபோய் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘பழைய கான்கிரீட் சோறு போடுமா?’ என்று கேட்டீர்கள். போடும். தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி 60 வயது தாண்டிய கட்டடத்தை அனுமதியில்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. 1960-களில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய டர்பன் சாட்ஸ்வர்த் வீடுகளில் பல அந்த வயதைத் தாண்டிவிட்டன. வீட்டைப் பின்னால் இழுத்துக் கட்டுவதோ நம் ஆட்களுக்குப் பொழுதுபோக்கு! அதற்கெல்லாம் பிளான் போட ஆள் வேண்டும். பொன்டேவும் 2035-இல் 60-ஐத் தொடும்.

காலம்தான் நிஜமான செலவு. பொதுவாக 3 ஆண்டு இளங்கலை, 2 ஆண்டு முதுகலை. அப்புறம் குறைந்தது 2 ஆண்டு பயிற்சி, ஒரு தேர்வு. அதன் பிறகுதான் கட்டடக்கலைத் தொழில் கவுன்சில் அவளை ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்யும். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நடுவில் செலவு கையைக் கடித்தால் பயப்படாதீர்கள். கட்டடக்கலை டெக்னாலஜிஸ்ட், டிராஃப்ட்ஸ்பர்சன் (வரைபடம் போடுபவர்) என்று அதற்குக் கீழும் பதிவுப் படிகள் உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்த வழிக்கு நல்ல இடம். சம்பாதித்துக்கொண்டே பிறகு மேலே படிக்கலாம்.

சரி, இப்போதைக்கு ஒரு வேலை. விண்ணப்பத்தோடு அவள் வரைந்தவற்றையும் கேட்பார்கள். கோபுரம் மட்டும் போதாது. உங்கள் வீட்டு அடுப்படியையும் அளந்து வரையட்டும். டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்.