வண்டி வரும்வரை

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கோடையில் எங்கள் கடற்கரைக் கிராமத்தில் நான்கு ஓலை வீடுகள் அடுத்தடுத்து எரிந்தன. தொலைவிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கிராமத்தவர்களே தீயணைப்புப் படை நடத்துகிறார்களாம். நாங்களும் இளைஞர்களைச் சேர்த்து, வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்களின் நன்கொடையில் ஒரு வண்டி வாங்க எண்ணுகிறோம். தங்கள் கருத்து என்ன?

ச., கடலாடி வட்டம்

அன்புள்ள ச.,

வண்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஜெர்மனியில் பெருநகரங்களுக்கு வெளியே பெரும்பாலும் தன்னார்வலர்களே தீயணைக்கிறார்கள். சிலியில் தலைநகர் சாந்தியாகோவிலும் அவர்கள்தாம். ஆனால் ஜெர்மனியில் பயிற்சி முடிக்காதவரை எரியும் வீட்டுக்குள் விடுவதில்லை, காயம்பட்டால் காப்பீடு உண்டு, பணி நேரத்தில் அழைப்பு வந்தால் முதலாளி அவரை விடுவித்தாக வேண்டும். அமெரிக்கக் கிராமங்களில் பலர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவதால், வண்டி இருந்தும் பகலில் ஆள் கிடைப்பதில்லை.

நம் கரையில் இந்தக் குறை இன்னும் பெரிது. நீங்கள் சேர்க்க நினைக்கும் இளைஞர்களில் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள், மீதிப்பேர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். எந்நேரமும் ஊரில் இருப்பவர்கள் பெண்கள். ஆகவே படையை அவர்களைக் கொண்டே அமையுங்கள். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவர்களுக்கு நெருப்பின் போக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளிர் குழுக்களுக்கோ கூடிப் பேசவும் கணக்கு எழுதவும் ஏற்கெனவே பழக்கம் உண்டு. (ஊர்க்கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.) ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால், அவர்களையும் அப்போது பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம். அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அலுவலரிடம் ஒத்திகை நடத்தித் தருமாறு எழுதிக் கேளுங்கள்.

தீயைக் கண்டதும் ஒருவர் 101-ஐ அழைக்க, இன்னொருவர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ கோயில் மணியிலோ ஊரைக் கூட்ட வேண்டும். அடுத்த வேலை ஆட்களை வெளியேற்றுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியில்லாமல் போனது. இறந்தவர்கள் 28 பேர். எந்த வீட்டில் நடக்க இயலாதவர் இருக்கிறார், எந்த வீடு வெளியே பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் என்ற பட்டியல் உங்கள் படையின் கையில் எப்போதும் இருக்கட்டும்.

முழுதாகப் பற்றிவிட்ட ஓலைக் கூரையைக் குடத்து நீரால் மீட்க முடியாது. காற்றுப் போகும் பக்கத்து வீட்டை, அதாவது மேற்குக் காற்றான கச்சான் வீசினால் கிழக்கே இருப்பதை, ஆட்களையும் சிலிண்டரையும் வெளியேற்றி மின்சாரத்தைத் துண்டித்தபின், நீளத் துறட்டிகளால் ஓலையை இழுத்துப் பிரித்துவிட வேண்டும். அந்த வீட்டுக்காரரின் சம்மதத்தைத் தீப்பிடிக்கும் முன்பே ஊர்க்கூட்டத்தில் வாங்கிவையுங்கள், ஏனெனில் சண்டை அங்கேதான் மூளும். படகில் டீசலோ பெட்ரோலோ எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது தீயைப் பரப்பும்; மணலைக் கொட்டுங்கள்.

கோடையில் வற்றும் ஊருணியை நம்ப முடியாது, குடிநீரையோ குடத்துக்கு விலைகொடுத்து வாங்குகிறீர்கள். ஆகவே நன்கொடைப் பணத்தில், இருவர் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பம்பும் கடலிலிருந்து குடியிருப்பை எட்டும் அளவுக்குக் குழாயும் வாங்குங்கள். உப்புநீர் ஏற்றியபின் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் பம்பைக் கழுவாவிட்டால் அது துருப்பிடித்துவிடும். மிச்சத் தொகையைப் படையிலுள்ள பெண்களுக்கு விபத்துக் காப்பீட்டுத் தவணையாகக் கட்டுங்கள். அதைக் கட்டி முடிக்கும்வரை ஒருவரையும் தீக்கு அருகில் அனுப்பாதீர்கள்.