செம்புப் பாட்டிலில் எலுமிச்சை ஊறினால்…

கேள்வி: என் கணவர் விற்பனைப் பிரதிநிதி. நாள் முழுவதும் பைக்கில் அலைகிறார். இரவில் செம்புப் பாட்டிலில் எலுமிச்சைத் துண்டுகள், வெள்ளரிக்காய், புதினா போட்டுத் தண்ணீர் நிரப்பிச் சமையலறை மேடையில் வைத்துவிடுகிறேன். மதியத்துக்குள் தண்ணீர் கசக்கிறது, ஒரு வாடையும் வருகிறது என்கிறார். இரண்டு முறை குமட்டலும் வந்தது. கடையில் 450 ரூபாய்க்கு 'நச்சு நீக்கும் மூலிகை நீர்' பாக்கெட் வாங்கியிருக்கிறேன். அதற்கு மாறிவிடலாமா? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் மாமியாருக்கும் கொடுக்கலாமா? — வாசகி, விருதுநகர்.

பதில்: முதலில் அந்தச் செம்புப் பாட்டிலைக் காலி செய்யுங்கள். வெறும் தண்ணீர் வைத்துக் குடிப்பதற்கு அது போதும், எலுமிச்சைக்கு ஆகாது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் எப்படிப் பளபளக்கிறது? புளிப்பு, மேலே படிந்த செம்புக் களிம்பைக் கரைத்து எடுப்பதால்தான். இரவு முழுவதும் அதே வேலையை உங்கள் எலுமிச்சைத் துண்டுகள் பாட்டிலுக்குள் செய்கின்றன. கரைந்ததை உங்கள் கணவர் குடிக்கிறார். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரைதான் செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புளிப்பு நீர் பல மணி நேரம் செம்பில் கிடந்தால் அதைத் தாண்டுவது எளிது. குமட்டலும் வாந்தியும்தான் அதன் முதல் அறிகுறிகள். செம்பு கலந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதற்கு முன் ஈயம் பூசுபவரைத் தெருவில் நிறுத்திய பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. செம்புப் பாட்டில் விற்பவர்கள் இதை ஏன் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. சொன்னால் விற்பனை குறையும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

அடுத்தது கசப்பு. இணையத்தில் பார்க்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை மஞ்சளாக, பெரிதாக இருக்கும் மேல்நாட்டு லெமனை வைத்து எழுதப்பட்டவை. நம் சந்தையில் கிடைப்பது மெல்லிய தோலுள்ள சிறிய எலுமிச்சை, வேறு வகை. அதன் தோலிலும், உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்விலும், கொட்டையிலும் கசப்புப் பொருள்கள் உண்டு. வெட்டியவுடன் கசப்பு தெரியாது, ஊற ஊறத்தான் வெளியே வரும். காலையில் நன்றாக இருந்தது மதியம் கசப்பதற்குக் காரணம் அதுவே. ஆகவே எலுமிச்சையை ஊற வைக்கவே வேண்டாம். கிளம்பும் நேரத்தில் அரை மூடி பிழிந்து, கொட்டையை வடிகட்டிச் சேருங்கள். வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயையே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாடை என்பது பெரும்பாலும் கெட்டுப்போனதன் அடையாளம். நறுக்கிய காயும் பழமும் வெளியில் இரண்டு மணி நேரம் தாங்கும். உங்கள் ஊர் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ இரவு முழுவதும் மேடையிலும், பிறகு அரை நாள் பைக் பெட்டியிலும் வைக்கிறீர்கள். இப்படிச் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். ஓடும் நீரில் ஒவ்வோர் இலையாகக் கழுவிய புதினா எட்டுப் பத்து இலை, மெல்லிய வெள்ளரி வில்லைகள் ஆறு போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். புதினாவை நசுக்க வேண்டாம், இரண்டாகக் கிள்ளினால் போதும், நசுக்கினால் தழை வாசம் அடிக்கும். காலையில் எல்லாவற்றையும் வடித்து எடுத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து, வெளிச்சூடு உள்ளே ஏறாத ஸ்டீல் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுங்கள். துண்டுகள் மிதந்தால் பார்க்க அழகுதான், ஆனால் பைக் பெட்டிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள். அடைக்கப்பட்ட குடிநீரை 2024 நவம்பரில் 'அதிக ஆபத்துள்ள உணவு' என்ற வகையில் சேர்த்தது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதே தண்ணீருக்குக் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. சான்றிதழ் விலக்கப்பட்டது. ஒரு கையால் பூட்டைக் கழற்றிவிட்டு மறு கையால் காவலாளியை வைக்கிறார்கள். அதற்காக நாம் தாகத்தோடு காத்திருக்க முடியாது.

இப்போது அந்த 450 ரூபாய்க்கு வருவோம். உடலில் கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. பாக்கெட்டில் இருக்கும் காய்ந்த ஆரஞ்சு வில்லைக்கு அதில் பங்கில்லை. சட்டப்படி பாக்கெட்டின் பின்புறம் பொருள்கள் எடை வரிசையில் இருக்க வேண்டும், எது அதிகமோ அது முதலில் வரும். 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'மூலிகைக் கலவை' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். புகார் செய்யலாமே என்பீர்கள். நானும் ஒருமுறை செய்தேன். மாதிரியைப் பரிசோதித்து 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். எனக்குப் பதில் வந்தபோது அந்தப் பாக்கெட் வேறு பெயரில், வேறு அட்டையில், அதே கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நன்னாரி சர்பத் பாட்டிலிலும் இதே கதைதான்: பட்டியலில் முதலில் சர்க்கரை, கடைசியில் நிறமும் செயற்கை மணமும். நன்னாரி வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் வேராக வாங்குங்கள். நசுக்கி, நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு ஊற வையுங்கள். மலிவு என்று மாகாளிக் கிழங்கை நன்னாரியாகத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. மாகாளி தடித்த சதைப்பற்றுள்ள கிழங்கு, நன்னாரி பென்சிலைவிட மெல்லிய வேர். கண்ணே போதும்.

மாமியார் விஷயத்துக்குத்தான் இவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்தேன். ஊற வைத்த தண்ணீரில் பெரிய நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. மணம் இறங்குகிறது, சத்து அவ்வளவாக இறங்குவதில்லை. இங்கே முக்கியமான விதிவிலக்கு அதிமதுரம். இது போன்ற பாக்கெட்டுகளில் சர்க்கரை இல்லாமல் இனிப்புக் காட்டுவதற்காக அதைச் சேர்ப்பார்கள். அதன் இனிப்புப் பொருள் தண்ணீரில் நன்றாகவே கரையும். அது சிறுநீரகத்தை ஏமாற்றி உப்பைத் தேக்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்பு தேங்கினால் இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் குறைந்தால் முதலில் கால் தசை சோர்ந்து பிடிக்கும், மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடம் மாறும். மாமியார் சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கும் வகையாக இருந்தால், பொட்டாசியம் இரண்டு வாசல் வழியாகவும் போகும். இருமலுக்கு ஒரு நாள் ஒரு துண்டு மென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. தினமும், மாதக்கணக்கில், தண்ணீருக்குப் பதிலாகக் குடிப்பதைத்தான் சொல்கிறேன். 'மூலிகைதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவார்கள். டாக்டரோ அழுத்தம் இறங்கவில்லையே என்று மாத்திரையைக் கூட்டுவார்.

அவருக்கு வெட்டிவேர் தண்ணீர் கொடுங்கள். ஒரு சிறு கட்டு வேரை மண் போகும்வரை நாலைந்து முறை அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து மண்பானையில் போட்டால் மூன்று மணி நேரத்தில் மணக்கும். பானைத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வேரை வெயிலில் காயவைத்துச் சில நாள்கள் திரும்பப் பயன்படுத்தலாம்.

பாக்கெட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். பிரித்துப் பாருங்கள். நார் நாராக, உள்ளே மஞ்சளாக, நாக்கில் வைத்தால் இனிக்கும் குச்சிகள்தான் அதிமதுரம். அவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். ஏலக்காய் இருந்தால் பாயசத்துக்கு எடுத்து வையுங்கள்.