ஒன்பது வள்ளி, ஒரு நாரதர்

அன்புள்ள சார்,

சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பங்குனியில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம் வைத்தார்கள். அதில் நாரதராக வந்தவரை என் அம்மாவுக்கு (வயது 68) ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து எந்த ஊர் நோட்டீஸில் அவர் படத்தைப் பார்த்தாலும் வண்டியை எடுக்கச் சொல்கிறார். இதுவரை 9 இரவுகள். ஒன்பதும் வள்ளி திருமணம்தான். பபூன் போனதும் நான் தூங்கிவிடுகிறேன். அதே நாரதர் யூட்யூபில் இருக்கிறார் என்று போனில் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே நாடகத்தில் இத்தனை தடவை பார்க்க என்ன சார் இருக்கிறது?

ரா.

அன்புள்ள ரா.,

அம்மா ஒரே நாடகத்தை 9 தடவை பார்க்கவில்லை. அந்த ஒன்பது நோட்டீஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாரதர் படம் மட்டும்தான் மாறாமல் இருக்கும். வள்ளி, முருகன், பபூன், ஆர்மோனியம் எல்லாம் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்.

நீங்கள் பார்ப்பதற்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். இதில் நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரர்கள் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று நடிகர் சங்கம் உள்ள ஊர்களுக்குப் போய், ராஜபார்ட் இவர், ஸ்திரீபார்ட் இவர் என்று ஆள் ஆளாகத் தேதி வாங்குவார்கள். நடிகர்களும் தனித்தனியாக பஸ் பிடித்து வந்து சேருவார்கள். ‘நீங்கதான் இன்னிக்கு வள்ளியா?’ என்று மேக்கப் போடும் இடத்தில் கேட்டுக்கொள்வதுதான் அறிமுகம். ஒத்திகை கிடையாது. பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும்வரை ஓட்டிவிடுவார்கள்.

எப்படி முடிகிறது என்றால், எல்லோரும் படித்திருப்பது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாடம். சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு நாடக சபாவே நடத்தியவர், 1922இல் இறந்தார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகள் ஒரு ஊரில் கொட்டகை போட்டால் லேசில் கிளம்பாது. அங்கே இன்றைக்கு எதிரில் நிற்பவர்தான் நாளைக்கும். ஸ்பெஷலில் பாட்டு எல்லோருக்கும் பொது, எதிரே நிற்கும் ஆள் மட்டும் ராத்திரிக்கு ராத்திரி வேறு.

நானும் ஒரு கோடையில் ஒரு நாரதருக்குப் பின்னால் டி.வி.எஸ். 50இல் சுற்றியவன்தான். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தினைப்புனத்துக்கு வந்த நாரதர், பெண்ணாகப் பிறந்தவள் ஒருவனுக்கு மாலையிட வேண்டியதன் அவசியத்தைப் பாட்டும் வசனமுமாக அடுக்கிக்கொண்டே போனார். வள்ளி சின்னப் பெண், மேடைக்குப் புதுசு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சரி சாமி, உங்க வீட்டம்மா சௌக்கியமா?’ என்றது.

நாரதர் பிரம்மச்சாரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மனுஷருக்கு வாய் வரவில்லை. ஆர்மோனியக்காரர்தான் சுருதியை அழுத்திப் பிடித்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுக்குள் புகுந்து தப்பித்தார்.

இரண்டு நாள் கழித்து வேறு ஊர். வள்ளி பழுத்த அனுபவசாலி, அப்படியெல்லாம் எதுவும் கேட்கவில்லை. இவரே ஆரம்பித்தார். ‘போன ஊர்ல ஒரு வள்ளி, உங்க வீட்டம்மா சௌக்கியமான்னு கேட்டுச்சும்மா. ஒரு இடத்துல ரெண்டு நாள் தங்காதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?’ அங்கேயும் சிரித்தார்கள், அவர்களுக்கு அது நாரதர் சொன்ன ஜோக். மிருதங்கக்காரர் மட்டும் குனிந்து தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். முந்தைய ஊரிலும் அவர்தான் வாசித்தார். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தது அவருக்கும் எனக்கும்தான். (அந்த வாரம் ஆபீஸில் தூங்கி வழிந்து மெமோ வாங்கியது தனிக்கதை.)

யூட்யூபை அம்மா திருப்பிக் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ‘காயாத கானகத்தே’ இதே வள்ளி திருமணத்தில் வேலன் பாடுவது. அந்தக் காலத்து நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய இசைத்தட்டு இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. 1933இல், 27 வயதில் போய்விட்டவர். அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டாலும் தட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். எதிரே வள்ளியாகக் கே.பி. சுந்தராம்பாள் நிற்கிற ராத்திரியில் அது எங்கெங்கே போயிருக்கும் என்பது நேரில் உட்கார்ந்திருந்தவர்களோடு போயிற்று.

நீங்கள் தூங்கும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். பபூன், டான்ஸ் வரைக்கும் முழித்திருந்து, நாரதரும் வள்ளியும் தர்க்கத்துக்கு நிற்கும்போது சாய்ந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை நேர்மாறாகச் செய்யுங்கள். ஆர்மோனியம் இருக்கிற பக்கமாகப் பாயைப் போடுங்கள். நாரதர் பேசும்போது அவரைப் பார்க்காமல் வள்ளி முகத்தைப் பாருங்கள், அடுத்த கேள்வி அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கும். அப்புறம், அன்பளிப்பு கொடுப்பதாக இருந்தால் பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள். தர்க்கம் சூடு பிடிக்கும்போது ஐம்பது ரூபாயை நீட்டி மைக்கில் தன் பெயரைச் சொல்லவைக்கும் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பது வள்ளியில் இந்த நாரதரைத் திணறடித்தது யார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு சொல்வார். அந்த வள்ளிக்கும் இவருக்கும் மறுபடி ஒரே மேடையில் தேதி விழுந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், வருகிறேன்.