நம் ஊரில் மழை, அங்கே வெயில்: மாலைதீவுக் கேள்விகளும் பதில்களும்

நானும் வீட்டுக்காரரும் நம் திருகோணமலையிலிருந்து மாலைதீவு போய் வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரிதான் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வருகிற தை மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் காசு போட்டு, 'தண்ணீருக்கு மேலே கட்டிய வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள்' என்று நிற்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் ஓர் இரவு 400 டொலர், 900 டொலர், 2,000 டொலர் என்று தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, உவர்மலை)

பதில்: முதலில் இரண்டு பேருக்கும் வாழ்த்துகள். தங்கச்சி, அறையின் படத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, விமானம் இறங்கிய இடத்திலிருந்து அந்தத் தீவுக்கு எதில் போவது என்பதைத்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மாலைதீவின் தலைநகர் மாலேக்கு ஒன்றரை மணி நேரப் பயணம், நம் ஊரிலிருந்து ஹபரணை போகிற நேரம்தான். ஆனால் அங்கே ஏறத்தாழ 1,200 தீவுகள் வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன, ஒரு ரிசோர்ட் என்றால் அதற்கு ஒரு தீவு, நீங்கள் இறங்குவது ஹுல்ஹுலே தீவிலுள்ள வெலானா விமான நிலையத்தில். வடமாலே, தென்மாலே அட்டோல்களில் (அட்டோல் என்றால் வளையமாகக் கிடக்கும் பவளத் தீவுக் கூட்டம்) இருக்கும் ரிசோர்ட் என்றால் வாசலிலேயே ஸ்பீட்போட் நிற்கும், ராத்திரியில் வந்தாலும் பெரும்பாலும் கூட்டிப்போவார்கள். தூரத்துத் தீவு என்றால் சீப்ளேன் (தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சின்ன விமானம்), அல்லது உள்ளூர் விமானமும் அதற்கு மேல் ஒரு படகும். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கொழும்பில் எல்லாம் பதிந்து தந்த பயண முகவர் பிற்பகல் விமானத்தில் ஏற்றிவிட்டார், நாங்கள் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஐந்து மணியாகிவிட்டது, கடைசி சீப்ளேன் போய்விட்டது. கல்யாண நாள் ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஹுல்ஹுமாலேயில் தெருவைப் பார்த்த ஒரு சின்ன அறையில் கழிந்தது, அந்த நாளுக்கென்று எடுத்துப்போன புடவை பெட்டிக்குள்ளேயே கிடந்தது, ரிசோர்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய காசும் திரும்பி வரவில்லை. ஆகவே சீப்ளேன் என்றால் மத்தியானத்துக்கு முன் மாலேயில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். திரும்புகிற நாளும் அப்படித்தான், காலை விமானத்தைப் பிடிக்க விடியுமுன் சீப்ளேன் வராது.

ஆனால் அந்தச் சீப்ளேன் பயணம் ஒரு தனி அனுபவம், அதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெட்டியை நிறுத்துப் பார்த்தார்கள் (பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான், மிஞ்சினால் காசு), காதுக்குப் பஞ்சு தந்தார்கள், விமானி வெறுங்காலோடு வந்து ஏறினார். சத்தம் என்றால் அப்படிச் சத்தம். கீழே பார்த்தால் ஆப்பத்தின் ஓரம் மாதிரி வெளிறிய வளையம், நடுவில் நீலம், அப்புறம் இன்னொரு வளையம், இன்னொன்று. வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

சரி, காசுக்கு வருவோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் அதில் இல்லை என்று அர்த்தம். 400 டொலர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 440. அதன் மேல் 17 வீதம் சுற்றுலா வரி (2025 ஜூலையிலிருந்து இந்த அளவு, முன்பு 16) சேர்ந்தால் 514 டொலர் 80 சதம். நாலு இரவுக்கு 2,059. அதோடு பச்சை வரி, ரிசோர்ட் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டொலர், உங்கள் இரண்டு பேருக்கும் நாலு இரவுக்கு 96. 1,600 என்று நினைத்தது 2,155 ஆகிவிட்டதா? இன்னும் சீப்ளேன் இருக்கிறது, போக வர ஆளுக்கு 500 டொலர் என்று வைத்தாலும் 3,155. சாப்பாடு வேறு. அதே 400 டொலர் அறை ஸ்பீட்போட் தூரத்தில் கிடைத்தால் அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி மிஞ்சும், மிஞ்சிய காசில் இன்னும் நல்ல அறையே எடுக்கலாம். அதனால் மின்னஞ்சல் எழுதும்போது ஒரே ஒரு வரி கேளுங்கள்: 'இரண்டு பேருக்கு, நாலு இரவுக்கு, வரி, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?' அந்தத் தொகையை எழுத்தில் தராதவரிடம் பதியாதீர்கள். சாப்பாட்டை மூன்று வேளையும் சேர்த்தே எடுங்கள், ரிசோர்ட் தீவில் சந்திக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட வழியில்லை.

தை மாதம் என்பது நல்ல தெரிவு. வாடைக் காற்றில் நம் கடல் குமுறிக்கொண்டு உப்புவெளியில் கால் வைக்க முடியாமல் கிடக்கும் நாட்களில்தான் அங்கே வெயில் காலம் தொடங்குகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும். ஆனால் நத்தார், புதுவருட வாரங்களில் விலை உச்சத்தில் நிற்கும், பல இடங்களில் 24ஆம், 31ஆம் திகதி இரவு விருந்துக்குக் கட்டாயக் கட்டணமும் உண்டு. பொங்கலை வீட்டில் பொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

நாலு இரவும் தண்ணீர் வில்லாவிலேயே இருக்க வேண்டுமா என்று கேட்டால், நான் இரண்டு என்பேன். முதல் இரண்டு இரவு கரையோர வில்லா, கடைசி இரண்டு இரவு தண்ணீர் வில்லா என்று பிரித்துத் தருகிற ரிசோர்ட்டுகள் நிறைய இருக்கின்றன, பெட்டியை அவர்களே மாற்றி வைப்பார்கள். பெரிய மரம், நிழல், மணல் எல்லாம் கரையில்தான். தண்ணீர் வில்லாவில் எனக்கு மறக்காதது ராத்திரிதான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் பலகைக்குக் கீழே தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். எழுந்துபோய்ப் படியில் உட்கார்ந்தேன், படிக்குக் கீழே இருந்த சின்ன வெளிச்சத்தில் ஒரு குட்டிச் சுறா சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, என் கை நீளம்கூட இல்லை.

இன்னொன்று. தை மாதத்தில் கந்தளாய் ஹபரணைப் பாதையில் ராத்திரிப் பயணம் வேண்டாம், மழையும் யானையும் சேர்ந்தால் எந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று சொல்ல முடியாது. முதல் நாள் பகலிலேயே புறப்பட்டு நீர்கொழும்பில் படுத்தெழும்புங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. நான் ஆசிரியை. உம்மா, நான், இரண்டு பிள்ளைகள். சேமிப்பு கொஞ்சம்தான். மதுபானம் பரிமாறுகிற இடத்தில் உம்மா இருக்க மாட்டா. எங்களைப் போன்றவர்களுக்கு மாலைதீவு சரிவருமா? (வாசகி, கிண்ணியா)

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். உங்களுக்குத்தான் மிகவும் சரிவரும். ரிசோர்ட் தீவுகளில்தான் வெளிநாட்டவர்களுக்கு மதுபானம் உண்டு. மக்கள் வாழ்கிற தீவுகளில் அது கிடையாது, சாப்பாடு முழுக்க ஹலால், ஐந்து வேளை பாங்கும் கேட்கும். அங்கே இப்போது விருந்தினர் விடுதிகள் நிறைய. மாஃபுஷி கொஞ்சம் கூட்டமான தீவு, மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அமைதி வேண்டுமென்றால் திஃபுஷியோ உகுல்ஹாஸோ பாருங்கள், உகுல்ஹாஸ் சுத்தத்துக்குப் பேர்போன தீவு. 50 அறைகளுக்குக் குறைந்த விடுதிகளில் பச்சை வரி ஆளுக்கு 6 டொலர்தான், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இல்லை. மாலேயிலிருந்து அரசாங்க ஃபெரியில் போனால் இன்னும் மலிவு, ஆனால் வெள்ளிக்கிழமை அது பெரும்பாலும் ஓடாது, ஆகவே வெள்ளி வந்திறங்காதீர்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடிக் கிடக்கும், பிள்ளைகளோடு போவதென்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீவுகளில் வெளிநாட்டவர்கள் நீச்சலுடையில் குளிக்க 'பிக்கினி பீச்' என்று மறைப்புப் போட்ட ஒரு கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்றக் கரைகளில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடுப்போடுதான் இறங்குவார்கள், நீங்களும் உம்மாவும் கூச்சமில்லாமல் குளிக்கலாம். ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு ரிசோர்ட் காட்ட வேண்டுமென்றால் பகல் பயணமாகக் கூட்டிப்போவார்கள், அது உம்மாவுக்குச் சரிவருமா என்பதை அவவிடம் கேட்டு முடிவெடுங்கள். உம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ஸ்பீட்போட்டில் பின்பக்கம் உட்கார வையுங்கள், முன்பக்கம் ஒவ்வோர் அலைக்கும் தூக்கிப் போடும். காலையில் மஸ் ஹுனி கேட்டு வாங்கிக் கொடுங்கள்: சூரைமீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய் பிசைந்து ரொட்டியோடு. நம் வீட்டுச் சம்பலுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும்.

கேள்வி: நான் நிலாவெளியில் புறாமலைக்குப் படகு ஓட்டுகிறவன். அண்மையில்தான் கல்யாணம். மந்தா திருக்கையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. மே முதல் செப்டெம்பர் வரை எனக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. எப்போது போகலாம்? (வாசகர், நிலாவெளி)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை நான் இரண்டு தரம் படித்தேன். உங்கள் சீசனும் அதன் சீசனும் மோதுகின்றன. மந்தாக்கள் கூட்டமாகக் கூடுவதற்குப் பேர்போன இடம் பா அட்டோலில் இருக்கிற ஹனிஃபாரு குடா. 2011 முதல் பா அட்டோல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். தென்மேற்குப் பருவத்தில், ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை, நீரோட்டம் மிதவையுயிர்களைக் கொண்டுவந்து அந்தச் சின்னக் குடாவுக்குள் அடைக்கும், அதைத் தின்ன மந்தாக்கள் வரும். ஒக்டோபர் நடுவில் உங்கள் படகைக் கரையேற்றியதும் புறப்பட்டால் அதன் வால் பகுதியைப் பிடிக்கலாம். பக்கத்திலேயே தரவந்தூ தீவில் விடுதிகளும் உள்ளூர் விமான நிலையமும் இருக்கின்றன, ரிசோர்ட் செலவு இல்லாமலே பார்த்துவிடலாம். குடாவுக்குள் சிலிண்டர் கட்டி முங்க விட மாட்டார்கள், கண்ணாடியும் குழாயும் மட்டும்தான். உங்களுக்கு அது போதும்.

நவம்பருக்குப் பிறகுதான் முடியும் என்றால் ஆரி அட்டோலைப் பாருங்கள். வாடைக் காலத்தில் நீரோட்டம் மேற்கே திரும்புவதால் மந்தாக்களும் அட்டோலின் மேற்குப் பக்கத்துக்கு வருகின்றன. ஆரியின் தென் ஓரத்தில் வருடம் முழுக்கத் திமிங்கிலச் சுறா பார்க்கக் கிடைக்கும். எதுவானாலும் இரண்டு நாளாவது கையில் வையுங்கள், ஒரு நாள் போய் ஒன்றும் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு. கடலில் சத்தியம் கிடையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'அட்டோல்' என்ற சொல்லே அவர்களுடைய திவேஹி மொழியிலிருந்துதான் உலகத்துக்குப் போனது, உங்கள் வெள்ளைக்காரப் பயணிகளுக்குச் சொல்லலாம்.

கேள்வி: எங்கே போனாலும் ஒரு சின்னப் பிள்ளையார் சிலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது என் வழக்கம். அங்கே கொண்டுபோகலாமா? விசா எப்படி? (வாசகி, தம்பலகாமம்)

பதில்: வேண்டாம் அம்மா. வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவர அவர்களின் சட்டம் விடாது. மதுபானம், பன்றியிறைச்சிக்கும் அதே தடை. பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டுப் புறப்படுங்கள். விசா போய் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருவார்கள், திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும், பாஸ்போட்டில் ஆறு மாதமாவது மிச்சமிருந்தால் நிம்மதி. புறப்படுமுன் 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற படிவத்தை அவர்களுடைய குடிவரவுத் திணைக்களத் தளத்தில் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் ஒரு தரம். அதற்கு ஒரு சதமும் கிடையாது. காசு கேட்கிற தளம் போலி.

கேள்வி: 'வாசலில் நிலாவெளியை வைத்துக்கொண்டு கடல் பார்க்க யாராவது காசு கொடுத்துப் போவார்களா?' என்கிறார் என் கணவர். அவருக்கு என்ன சொல்வது? (வாசகி, பாலையூற்று)

பதில்: கடலுக்காகப் போவதென்றால் அவர் சொல்வது சரி. ஆவணி மாதத்து நிலாவெளித் தண்ணீருக்கும் அங்கே நான் குளித்த தண்ணீருக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1998லும் 2016லும் கடல் சூடேறி மாலைதீவிலும் நிறையப் பவளம் வெளுத்துச் செத்தது, சில தீவுகளில் முங்கிப் பார்த்தால் சாம்பல் நிறக் கல்தான். ரிசோர்ட் பிடிக்கும்போது கரையிலிருந்து நீந்திப்போகிற தூரத்தில் உயிருள்ள பவளம் இருக்கிறதா என்று கேட்டே பதிய வேண்டும்.

ஆனால் தங்கச்சி, நிலாவெளியில் நீங்கள் எப்போதாவது ஒரு முழு நாள் சும்மா இருந்திருக்கிறீர்களா? நாங்கள் போனால் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவோம், பிள்ளைகளின் ஈர உடுப்பைப் பிழிவோம், தெரிந்தவர்கள் நாலு பேரைக் கண்டு கதைப்போம், இருட்டுமுன் வீடு வந்து மணல் கழுவுவோம். அங்கே மூன்றாம் நாள் காலை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், இவர் ஊற்றி என் கையில் தந்தார். 31 வருடத்தில் அது முதல் தடவை. உங்கள் கணவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.