மலைக்குக் கால் முளைக்கும் நேரம்

வணக்கம்.

நாங்கள் ஒன்பது பேர், இரண்டு மாதமாக இணையத்தில் ஒரு புதையல் வேட்டைப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பதினான்கு வரிப் பாட்டும் ஒரு படமும்தான் கொடுத்திருக்கிறார்கள். பேச்செல்லாம் வாட்ஸ்அப் குழுவில். இப்போது ஒரு நண்பர் விடை கிடைத்துவிட்டது என்கிறார். ஒவ்வொரு வரியிலும் முதற்சொல், நடுச்சொல், கடைச்சொல் மூன்றில் பொருந்துகிற ஒன்றின் முதலெழுத்தை எடுத்துக் கோத்தால் ஒரு மலையின் பெயரும் பக்கத்து ஊரின் பெயரும் வருகின்றனவாம். ஒன்பதாவது வரி 'மலைக்குக் கால் முளைக்கும் நேரம் மேற்கே நிழல் தேடாதே'. மலையின் கால் என்றால் அடிவாரம், மேற்கு வேண்டாம் என்றால் கிழக்கு அடிவாரம் என்று அதையும் சேர்த்துக்கொண்டார். பாதிப் பேர் பயணச்சீட்டு எடுக்கத் தயார். மற்றவர்களுக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. சேர்ந்து தேடுவதற்கு முறை ஏதும் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயணச்சீட்டு வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மனம் ஒப்பாதவர்களின் ஐயம் சரியானது. தப்பு 'பொருந்துகிற ஒன்று' என்ற இடத்தில் இருக்கிறது. வரிக்கு மூன்று சொல், பதினான்கு வரி. மூன்றைப் பதினான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 47,82,969 வரும். இத்தனை எழுத்துக்கோவைகளுக்குள் ஒரு மலையும் ஒரு ஊரும் அகப்படாமல் போனால்தான் வியப்பு. எந்த வரியில் எந்தச் சொல் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நண்பரின் மனதில் ஏற்கெனவே இருந்த மலைதான் சொல்லியிருக்கிறது.

அவரிடம் வாதாடிப் பயனில்லை, ஒரு சோதனை வைத்துவிடுங்கள். புதிருக்குத் துளியும் தொடர்பில்லாத வேறொரு பதினான்கு வரிப் பாட்டை எடுத்து, அதே முறையில் ஏதாவது ஓர் ஊர்ப்பெயர் வருகிறதா என்று மூன்று பேர் தனித்தனியே ஒரு மணி நேரம் முயலட்டும். வந்துவிட்டால் அந்த முறைக்கு மதிப்பில்லை. எந்தப் பாட்டிலிருந்தும் ஊரைக் கறந்து தரும் முறை உங்கள் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். கோபதாபம் இல்லாமல் ஒரு யோசனையைக் கைவிட இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

இனி அந்த ஒன்பதாவது வரி. நீங்களே பொதுவில் எழுதிவிட்டதால் அதைத் தொடலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். 'கால்' என்ற சொல்லை உடலுறுப்பாக மட்டும் பார்த்துவிட்டீர்கள். கால் என்பது நாலில் ஒன்று, காற்று, வாய்க்கால். எழுத்தில் 'ா' என்ற குறிக்கும் கால் என்றே பெயர். 'மலை'யின் முதலெழுத்துக்குக் கால் போட்டால் 'மாலை'. அப்படி வாசித்ததும் உங்கள் வாசிப்பில் அநாதையாக நின்ற 'நேரம்' என்ற சொல்லுக்கு வேலை கிடைக்கிறது. அடுத்து, மாலையில் சூரியன் மேற்கில் இருக்கும், நிழல் கிழக்கில்தான் விழும். 'மேற்கே நிழல் தேடாதே' என்பது அதையேதான் சொல்கிறது. 'முளைக்கும்' என்பதும் வெறும் அலங்காரமில்லை, இல்லாத கால் புதிதாக வருகிறது. ஒரு சொல்லும் மிச்சமில்லை. அடிவாரம் என்ற வாசிப்பில் 'நேரம்', 'முளைக்கும்', 'நிழல்' என மூன்று சொற்கள் சும்மா நின்றன. இரண்டு வாசிப்புகளில் எது மேல் என்று கேள்வி வந்தால், எதில் குறைவான சொற்கள் சும்மா நிற்கின்றன என்று எண்ணுங்கள். புதிர் எழுதத் தெரிந்தவர் சொல்லை வீணாக்கமாட்டார்.

சரியான விடை தன்னைத்தானே உறுதிசெய்துகொள்ளும் என்பதற்கு ஆகச் சிறந்த உதாரணம் 1979இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் வெளியிட்ட ஓவியப் புத்தகம். ஒரு தங்க முயலைப் புதைத்துவிட்டு, இடத்தை 15 ஓவியங்களில் ஒளித்துவைத்தார். ஓவியத்திலுள்ள உருவத்தின் கண்ணிலிருந்து கையின் அல்லது காலின் மிக நீண்ட விரல் வழியாகக் கோடு இழுத்தால், ஓவியத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில் ஓர் எழுத்தில் போய் முட்டும். அந்த எழுத்துகள் ஓவியத்துக்கு ஒரு சொல்லோ தொடரோ தரும். பதினைந்தையும் வரிசையாக வைத்து முதலெழுத்துகளை மட்டும் படித்தால் 'ஆம்ப்தில் அருகே' என்று ஆங்கிலத்தில் வருகிறது. ஆம்ப்தில் அங்குள்ள ஓர் ஊர். முறையைக் கண்டுபிடித்தவருக்கு அதற்கு மேல் ஐயம் இருக்க வழியில்லை. முறையோடு விடையை எட்டியவர்கள் சேர்ந்து வேலை செய்த இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். ஆனால் 1982இல் முயலை எடுத்தவர் புதிரை அவிழ்க்காமல் வேறு வழியில் இடத்தை அறிந்தவர் என்பது பின்னால் வெளிவந்தது. உங்கள் பாட்டிலும் விடையை அப்படி உறுதிசெய்யும் ஒரு பூட்டு எங்கோ இருக்கும். அது கிடைக்காதவரை கையில் இருப்பது ஊகம்தான்.

இப்போது முறை. வாட்ஸ்அப் குழு உற்சாகத்துக்கு நல்லது, ஆவணத்துக்கு ஆகாது. காலையில் ஒருவர் கவனித்தது இரவுக்குள் மேலே போய்விடும், மூன்று வாரம் கழித்து அதே யோசனையை இன்னொருவர் புதிதாகச் சொல்வார். பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில் மூன்று தாள்கள் போடுங்கள். முதல் தாளில் பார்த்தவை மட்டும்: 'படத்தின் வலது ஓரத்தில் ஏழு பறவைகள், ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கிறது'. 'ஏழு பறவை என்றால் சப்தரிஷி மண்டலம்' என்பது இரண்டாவது தாளுக்கு, ஊகங்களுக்கு. இந்த இரண்டையும் கலப்பதுதான் பெரும்பாலான குழுக்களைக் கெடுக்கிறது. ஒரு மாதம் போனால் சப்தரிஷி என்பது படத்திலேயே எழுதியிருந்ததுபோல எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாவது தாள் கைவிட்டவை, ஏன் கைவிட்டோம் என்ற ஒரு வரியோடு. அந்த ஒரு வரி கட்டாயம். காரணம் எழுதாமல் கைவிட்ட யோசனை செத்த யோசனை அல்ல, ஆறு வாரத்தில் திரும்பி வரும்.

புதிய படமோ வரியோ வந்தால் முதல் இரண்டு நாள் குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். முதலில் பேசுபவரின் வாசிப்பு மற்ற எட்டுப் பேரின் கண்ணிலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒன்பது பேர் இருந்தும் ஒரு ஜோடிக் கண்தான். 'கால்' என்றால் அடிவாரம் என்று ஒன்பது பேருமே எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

படத்தை எப்படிப் பகிர்ந்தீர்கள்? வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும், கோப்புக்குள் இருக்கும் தேதி முதலிய விவரங்களும் போய்விடும். புள்ளிகளின் நிற எண்களுக்குள் ஏதாவது மறைத்திருந்தால் அந்தச் சுருக்கத்தில் அழிந்தேபோகும். மூலக் கோப்பை டாகுமென்ட்டாக அனுப்புங்கள், எல்லோரிடமும் கோப்பளவு பைட் கணக்கில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டைத் தட்டச்சு செய்ததிலும் ஆபத்து இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியே தட்டி ஒப்பிட வேண்டும், மூலத்தில் பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே விட வேண்டும். மூன்றாவது எழுத்து, ஏழாவது எழுத்து என்று எண்ணும் புதிரில் ஒரு ஒற்று விடுபட்டால் அதற்குப் பிறகு எல்லாமே நகர்ந்துவிடும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பொற்கிழி' நமக்கு நான்கு எழுத்து. ஷீட்டின் 'லென்' சூத்திரத்தைக் கேட்டால் எட்டு என்று சொல்லும், உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். 'ொ' என்ற குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் தட்டலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் தட்டலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, எண்ணிக்கை ஒன்பதாகிவிடும், தேடினாலும் அகப்படாது. 'ஔ'வை 'ஒ', 'ள' என்று பிரித்துத் தட்டும் வழக்கமும் இப்படித்தான். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று கையால் பிரித்துப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை, பிறகு நேராகவும் குறுக்காகவும் மூலைவாக்கிலும் படிக்கலாம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை மறைத்துவைக்கும் கரந்துறைச் செய்யுள் நம் சித்திரக்கவியில் இருப்பதுதானே, பாட்டு எழுதியவர் அதை அறிந்தவராகவும் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் எழுத்தெண்ணும் வேலையைக் கொடுக்காதீர்கள். தப்பாக எண்ணிவிட்டு உறுதியாகச் சொல்லும், உங்கள் ஊகத்துக்கும் சுலபமாகத் தலையாட்டும்.

சேர்ந்து தேடுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2020 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 'ஸோடியாக்' என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலையாளி 1969இல் அனுப்பிய 340 குறிகள் கொண்ட சங்கேதத்தை 51 ஆண்டுகளாக யாராலும் படிக்க முடியவில்லை. அமெரிக்காவின் டேவிட் ஓரன்சாக், ஆஸ்திரேலியாவின் சாம் பிளேக், பெல்ஜியத்தின் யார்ல் வான் ஐக்கே மூவரும் இணையம் வழியே சேர்ந்து படித்தார்கள். ஒருவர் கணிதவியலாளர், ஒருவர் சங்கேதம் உடைக்கும் மென்பொருள் எழுதியவர், ஒருவர் அந்தச் சங்கேதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். எந்த வரிசையில் படிப்பது என்பதற்கே சுமார் 6,50,000 வழிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றில் அர்த்தமுள்ள இரண்டு மூன்று தொடர்கள் தென்பட்டன. அந்தத் தொடர்களை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டு மீதியைத் தேடியபோது, குறிகளை மூலைவாக்கில் தாவிப் படிக்க வேண்டும் என்பதும், 20 வரிகளும் 9, 9, 2 என்று மூன்று பகுதிகளாகப் பிரிகின்றன என்பதும் தெரிந்தன. இரண்டாவது பகுதியில் எழுதியவனே ஒரு தவறு செய்திருந்தான். முதல் ஒன்பது வரிகள் விதி மாறாமல் ஒழுங்காக வந்த பிறகுதான் அதைத் தவறு என்று சொல்ல முடிந்தது. 'இங்கே புதிர் எழுதியவர் தப்பு செய்துவிட்டார்' என்று மூன்றாவது வரியிலேயே சொல்ல ஆரம்பித்தால் உங்கள் முறை தப்பு என்றே கொள்ளுங்கள்.

இடம் என்று ஒன்று வந்த பிறகும் சறுக்கல்கள் உண்டு. அட்சரேகையில் 41 பாகை (டிகிரி) 30 கலை (மினிட்) என்பது 41.5, அதை 41.30 என்று வரைபடத்தில் இட்டால் 22 கிலோமீட்டர் தள்ளிப் போவீர்கள். தசமத்தில் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், ஐந்து என்றால் சுமார் ஒரு மீட்டர். கைபேசியோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். திசைகாட்டியின் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல, பத்து பாகை வித்தியாசமிருந்தால் நூறு மீட்டர் நடப்பதற்குள் 17 மீட்டர் விலகியிருப்பீர்கள். புதிர் வெளிவந்த ஆண்டில் அந்த இடம் எப்படி இருந்தது என்பதையும் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் பாருங்கள். பைரன் பிரைஸ் 1982இல் 12 ஓவியமும் 12 பாட்டும் வெளியிட்டு வட அமெரிக்காவில் பெட்டிகளைப் புதைத்தார். இதுவரை கிடைத்தவை மூன்று, 1983, 2004, 2019 ஆண்டுகளில். அவர் 2005இல் இறந்துவிட்டார், அடையாளம் சொன்ன மரமும் சுவரும் இத்தனை ஆண்டில் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது.

யாராவது கிளம்பும் முன் ஒரு காரியம். வழிமுறையை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, விடை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் அதே புள்ளிக்கு வந்து சேர வேண்டும். பரிசைப் பங்கிடுவது, நடுவில் விலகுபவருக்கு என்ன, விடையை யார் அனுப்புவது என்பவற்றை இன்றே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பொருள் கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு நல்லபடியாக முடியாது. போவது குறைந்தது இருவராக, பகலில், நிலத்துக்கு உரியவரின் அனுமதியோடு. அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஃபென் ஒரு புதையல் பெட்டியை மறைத்துவைத்து 2010இல் வெளியிட்ட 24 வரிப் பாட்டை நம்பிப் போனவர்களில் குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பெட்டியை அவர் ஏறக்குறைய எண்பது வயதில் தனியாகச் சுமந்துபோய் வைத்தவர். அந்த வயதில் ஒருவர் ஏற முடியாத பாறையில் அது இருக்க முடியாது என்று யோசித்திருந்தாலே சிலர் பிழைத்திருப்பார்கள்.

இனி உங்கள் 'மாலை'. இதையும் இரண்டாவது தாளிலேயே எழுதுங்கள், நான் சொன்னதற்காக முதல் தாளில் ஏற்றிவிட வேண்டாம். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. வில்லியம்ஸின் முயல் ஒரு நினைவுச் சிலுவையின் நிழல்நுனி விழும் இடத்தில் இருந்தது, நேரம் நண்பகல், நாள் சம இரவு நாள் என்று இரண்டையும் அவர் குறித்திருந்தார். நாள் மாறினால் நிழலின் நீளம் மாறும் என்பதால் நாளைச் சொல்லியே ஆக வேண்டும். மாலை நிழலோ நீளத்தோடு திசையும் மாறும். சூரியன் பத்து பாகை உயரத்தில் இருக்கும்போதே நிழல் பொருளின் உயரத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீண்டுவிடும், அதன் பின் நிமிடத்துக்கு நிமிடம் வளரும். ஆகவே மாலை நிழலைக் கொண்டு ஒரு திசையைத்தான் காட்ட முடியும், தூரத்தை அளக்க முடியாது. என் வாசிப்பு சரி என்றால் மீதிப் பதின்மூன்று வரிகளில் ஒரு நாளும், நிழல் தரும் ஒரு பொருளும், ஒரு தூரமும் இருந்தாக வேண்டும். நாளை முதலில் தேடுங்கள். மாதப் பெயராக இல்லாமல் நட்சத்திரமாகவோ பூவாகவோ இருக்கலாம். அது எங்குமே இல்லை என்றால் 'மாலை'யையும் மூன்றாவது தாளுக்கு மாற்றிவிடுங்கள், காரணத்தோடு.